முயல் லினோ அடித்த மணி

லினோ மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி முப்பத்திரண்டு வருடம் அரசியலில் இருந்தார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். தொலைக்காட்சியில் அவர்கள் பார்க்கிற அரசியல்வாதிகள் வேறு ரகம். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த முப்பத்திரண்டு வருடமும் வால்மேதோ ஊர்மன்றத்தின் செயலராக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். லெயோன் மலையில் மூன்று ஊருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் செயலர். மற்ற நாட்கள் மற்ற இரண்டு ஊர்களுக்கு, செவ்வாய்க்கிழமை வால்மேதோவுக்கு. லினோவிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் என் செவ்வாய்க்கிழமை முடிந்துவிடும்.

முழுப்பெயர் லாவ்தெலினோ ஃபியெர்ரோ. அதை வாக்குச்சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். நேரில் லினோ, முதுகுக்குப் பின்னால் முயல். காது கொஞ்சம் பெரிசு, அது ஒரு காரணம். யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்து அரையடி எழும்பி உட்காருவார், அது இன்னொரு காரணம்.

அரசியலுக்கு அவர் வந்த கதையே கேலிக்கூத்து. அப்போது பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து ஒரு கட்சிக்காரர் வந்து எலோயின் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வேட்பாளர் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது, யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எல்லோரும் சீட்டாட்டத்திலேயே கண்ணாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லினோ காபி குடிக்க உள்ளே வந்தார்.

“சும்மா பேருக்குத்தான் லினோ. பட்டியல்ல கடைசிப் பேரு. நீ எங்க ஜெயிக்கப்போற?” என்றார் எலோய்.

“ஜெயிச்சிட்டா?”

“உனக்கு யாருய்யா ஓட்டுப் போடுவா?”

“அது சரிதான். ஆனாலும் ஜெயிக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு.”

கட்சிக்காரர் சிரித்துக்கொண்டே கைதுடைக்கும் தாளை உருவி, ‘லாவ்தெலினோ ஃபியெர்ரோ ஜெயிக்க மாட்டார் என்று உறுதி கூறுகிறேன்’ என்று எழுதித் தேதியும் போட்டுக் கொடுத்தார். லினோ அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கட்சிக்காரருக்கு எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களைத் தெரியாது. இங்கே கட்சிக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. சீட்டில் எல்லோருடைய பெயரும் இருக்கும், பிடித்த நான்கு பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். மூன்று குறியைச் சொந்தக்காரர்களுக்குப் போட்டுவிடுவார்கள். நான்காவது குறியில்தான் எல்லோரும் திணறுவார்கள். இவன் என் வேலியை நகர்த்தினவன், அவன் என் தண்ணீரைத் திருப்பினவன் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால், யாரோடும் எந்தச் சண்டையும் போடாத ஒரே ஆள் லினோ. சண்டை போடப் பயம். ஊர் முழுக்க நான்காவது குறி அவருக்கே விழுந்தது. ஜெயித்த ஐந்து பேரில் அவருக்குத்தான் அதிகம். மற்ற நான்கு பேரும் இரண்டு குடும்பம், ஒருவரை ஒருவர் தலைவராக விடமாட்டார்கள். அதனால் லினோவைத் தலைவராக்கினார்கள்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து அந்தத் தாளைப் பிரித்து வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எல்விரா, இது சட்டப்படி செல்லுமா, கொஞ்சம் பாரு.”

செல்லாது என்றேன். அந்தத் தாள் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்குச் சில நாள் பாவமாக இருக்கும், பல நாள் எரிச்சலாக இருக்கும். குழந்தைகள் பூங்காவுக்குப் புது ஊஞ்சல் வந்தது. தொண்ணூறு கிலோ மனிதர் அதில் தானே ஏறி அரை மணி நேரம் ஆடிப் பார்த்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. குடிநீர்த் தொட்டியில் மருந்து கலக்கிற நாளில் முதல் குவளைத் தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்து தன் வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்பார். திருவிழா வாணவேடிக்கைக்கு அனுமதிக் கடிதம் வைத்தால், “இதுல யாருக்காவது கண்ணு போச்சுன்னா?” என்பார். “போகாது லினோ, போடுங்க” என்று கத்துவேன். எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும், அது என் குறை. போடுவார். திருவிழா முடியும்வரை ஒரு வாய் சாப்பிடமாட்டார்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத பயம் அவர் தலைவரான அந்த வருடமே, செப்டம்பரில் வந்தது.

எங்கள் கோயில் மணியை மூன்று விதமாக அடிப்பார்கள். நிதானமாக விட்டு விட்டு அடித்தால் ஊர்க்கூட்டம். வீட்டுக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டும், வராத வீடு ஒரு ஜாடி ஒயின் அபராதம் வைக்க வேண்டும். மூச்சு விடாமல் அடித்தால் தீ. நிற்கத் திராணி உள்ளவர்கள் எல்லோரும் கையில் கிடைத்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தீயைப் பார்த்து ஓட வேண்டும். ஓடாதவன் பிறகு மதுக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. மூன்றாவது சாவு மணி. ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு அடித்துவிட்டு, அப்புறம் இழுத்து இழுத்து அடிப்பார்கள். அதைக் கேட்டால் பேச்சுவார்த்தை இல்லாத பகையாளிகள்கூடக் கோயில் முன்னால் வந்து நிற்பார்கள்.

அந்தச் செப்டம்பரில் மேற்குச் சரிவில் புகை தெரிந்ததும் லினோ ஓடிப்போய்த் தீ மணி அடித்தார். வேறு யார் தலைவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மண்வெட்டியோடு முதலில் ஓடியவர் அவருடைய அண்ணன் மக்காரியோ. லினோவுக்கு நேரெதிர் சுபாவம், எதற்கும் முன்னால் நிற்கிறவர். சரிவில் பாதி ஏறும்போது காற்று திரும்பிவிட்டது. ஏழு பேர் புருவம் கருகி இறங்கி வந்தார்கள். மக்காரியோ வரவில்லை.

அடக்கத்தில் மக்காரியோவின் மனைவி பெனில்தே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. லினோ பக்கத்தில் போய், “அண்ணி” என்றார்.

“நீ அடிச்ச மணிக்குத்தாண்டா அவரு ஓடினாரு” என்றாள் அந்த அம்மாள்.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பெனில்தே அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

லினோ மூன்று தடவை பதவி விலகல் கடிதம் எழுதச் சொன்னார். மூன்று தடவையும் தட்டச்சு செய்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பார், கீழே வைத்துவிடுவார்.

“நான் போயிட்டா அடுத்து எவனாவது வருவான். புகையப் பார்த்ததும் கயித்தப் பிடிச்சு இழுப்பான். எவனாவது ஓடுவான். வேணாம் எல்விரா. இன்னொருத்தன் தீயில போகக்கூடாது.”

அரசியலில் அவர் தங்கிப்போனது அதற்காகத்தான். வேறு ஒரு ஆசையும் அவரிடம் நான் பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை தேர்தலில் நிற்பார், ஊரும் வழக்கம்போல நான்காவது குறியை அவருக்குப் போடும். எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில்தான் எண்ணிக்கை. சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பார்கள், வேட்பாளர்கள் சுவரோரம் நிற்பார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் தவறாமல் ஒரு செல்லாத சீட்டு வரும். எந்தக் குறியும் இருக்காது. குறுக்கே பெரிய எழுத்தில் ‘மக்காரியோ’ என்று எழுதியிருக்கும். செல்லாத சீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்ட வேண்டும், அது விதி. கையெழுத்து யாருடையது என்று கேட்கவே வேண்டாம். ஏழு தேர்தல், ஏழு சீட்டு. தோற்றுவிடுவோமோ என்று லினோ ஒருநாளும் பயந்ததில்லை. அந்தச் சீட்டு எப்போது வரும் என்றுதான் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்பார். வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

நடுவில் நான்கு வருடம் மாகாண மன்றத்துக்கும் போனார். அதுவும் அதே மாதிரிதான். கட்சியில் இரண்டு கோஷ்டி, இரண்டு பேருக்கும் யாரைக் கண்டு பயமில்லையோ அவரை அனுப்பினார்கள். நான்கு வருடத்தில் அந்தப் பெரிய மண்டபத்தில் அவர் எழுந்து பேசியது இரண்டே தடவை. ஒரு தடவை, ஜன்னலைச் சாத்த முடியுமா என்று கேட்டார். இன்னொரு தடவை, மலை ஊர்களின் வயசானவர்களைச் சந்தைக்குக் கூட்டிப்போக வாரம் ஒரு பஸ் வேண்டும் என்று கேட்டார். பயத்தில் எழுதிவைத்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாராம். எப்படியோ பஸ் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிப்போய், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடும். ஓட்டுநர் அமதோர் எலோயின் கடையில் கொண்டைக்கடலைக் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, மேசையிலேயே கொஞ்சம் தூங்கிவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்புவார்.

கோடை வந்தால் லினோவைப் பார்க்கச் சகிக்காது. ஜூன் தொடங்கினால் மூக்கை நிமிர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டே திரிவார். தினமும் பதினொரு மணிக்கு ரொட்டி வண்டி சதுக்கத்தில் வந்து ஹாரன் அடிக்கும்போது, எல்லோரும் ரொட்டி வாங்க வருவார்களே, அப்போது ஓரமாக நின்று தலையை எண்ணுவார். மகள் வீட்டுக்குப் போனவர் யார், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர் யார், படுக்கையில் இருப்பவர் யார் என்று கேட்டுக் கூட்டிக் கழித்து, அன்றைக்கு ஊரில் எத்தனை உயிர் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

“என்ன மேயரே, கிடை ஆட்டை எண்ணுற மாதிரி எண்ணுறீங்க?” என்று எலோய் கேட்பார். “ஓநாய் வருதா?”

லினோ மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது நினைத்தால் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டாவது தீ போன வருடத்துக்கு முந்தின வருடம், ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. மூன்று மணி இருக்கும். நான் மன்றத்தில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். விசிறி நின்றது. போனை எடுத்தேன், அதிலும் உயிரில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேற்கு மலைக்குப் பின்னால் வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. மத்தியானத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

வெளியே ஓடினேன். ஒரு வனக்காவலர் ஜீப்பை நிறுத்தாமலே கத்தினார்.

“காத்து திரும்பிடுச்சு! அரை மணி நேரத்துல மேல் தெருவுக்கு வந்துரும்! எல்லாரையும் வெளியேத்துங்க, நான் அடுத்த ஊருக்குச் சொல்லணும்!”

ஜீப் போய்விட்டது. சதுக்கத்தில் லினோ நின்றுகொண்டிருந்தார். எலோயும் இன்னும் ஐந்தாறு பேரும் ஏற்கனவே மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். எல்லோரும் அறுபது, எழுபது வயசுக்காரர்கள்.

“மணிய அடிய்யா லினோ! ஆள் சேரட்டும், மேல போயி மறிச்சிடலாம்!” என்று எலோய் கத்தினார்.

லினோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் கால்சட்டை முன்பக்கம் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். இதைச் சொல்லலாமா என்று பிற்பாடு அவரிடமே கேட்டேன். “சொல்லிக்க. நனைஞ்சது நெசந்தானே” என்றார்.

“அடிய்யா! உங்க அண்ணனா இருந்தா இந்நேரம் பாதி மலை ஏறியிருப்பான்!”

அந்த வார்த்தையை எலோய் சொல்லியிருக்கக் கூடாது. லினோ கோயிலை நோக்கி நடந்தார். பின்னாலேயே ஓடினேன். வாசல் மண்டபத்தில் மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தீ மணி அடிச்சா எல்லாரும் மேல ஓடிருவாங்க எல்விரா.”

“கூட்ட மணி அடிங்க. வந்துதானே ஆகணும். வந்ததும் பஸ்ல ஏத்திடலாம்.”

“வீட்டுக்கு ஒருத்தர்தான் வருவாங்க. மத்தவங்க வீட்டுலயே இருப்பாங்க. வந்தவங்களும் வீட்டுல இருக்கிறவங்கள விட்டுட்டு ஏற மாட்டாங்க.”

எனக்கு அது தோன்றவே இல்லை. முப்பது வருடம் அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவள் நான்! அவரோ ஒவ்வொரு கோடையிலும் படுக்கையில் புரண்டு புரண்டு இதையெல்லாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் கயிற்றைப் பிடித்தார். ஒன்று. நீளமான ஒரு இடைவெளி. இன்னொன்று. மறுபடியும் இடைவெளி.

சாவு மணி. ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு என்கிற கணக்கை மறந்துவிட்டு அப்படியே அடித்துக்கொண்டே இருந்தார்.

ஊர் வந்தது. மாவுக் கையோடு வந்தார்கள், பாதி முகச்சவரத்தோடு வந்தார்கள், நடக்க முடியாத ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கேட்டவர்கள் யாருக்கும் இன்னும் எண்ணிக்கை பிடிபடவில்லை. ஆணா பெண்ணா, யார் வீடு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சாவுக்கு வரும்போது கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் பழக்கம். எலோய்கூட மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“யாரு லினோ? யாரு போனது?”

லினோ கயிற்றை விடாமல் திரும்பினார்.

“இன்னும் யாரும் இல்ல. எல்லாரும் பஸ்ல ஏறுங்க.”

“என்னது?”

“ஏறுங்க! ஏறலேன்னா உங்களுக்கு அடிக்கக்கூட ஆள் இருக்காது!”

அந்த மனிதர் கத்தி நாங்கள் கேட்டதே கிடையாது. குரல் பெண்பிள்ளையின் குரல் மாதிரி கீச்சென்று உடைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“உயிரோட இருக்கிறவங்களுக்குச் சாவு மணியா? உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று எலோய் சீறினார். அந்த நேரம் பார்த்து மேல் தெருப்பக்கம் ஒரு பைன் மரம் வெடித்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். அதற்கப்புறம் விவாதம் நின்றுவிட்டது.

அமதோரைத் தட்டி எழுப்பியாகிவிட்டது. பஸ்ஸில் ஐம்பது பேர், மிச்சம் மூன்று காரில். சாம்பல் விழத் தொடங்கியிருந்தது. லினோ சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். அறுபத்து மூன்று என்று எழுதியிருந்தது. எண்ணினேன். அறுபத்து இரண்டு. மறுபடியும் எண்ணினேன்.

“பெனில்தே அக்கா இல்ல” என்றேன்.

அந்த அம்மாளின் வீடு மேல் தெருவில் கடைசி. லினோ ஓட்டுநரைப் பார்த்தார்.

“கிளம்பு அமதோர். எங்களுக்காக நிக்காத.”

தன் வண்டிக்குப் போனார். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. மூன்றாவது தடவை சாவி கீழே விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “ஏறுங்க என் வண்டியில” என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. அவர் அங்கே நின்று நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். விளக்கைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் போனேன். சாலையின் ஓரம் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் சுட்டது. லினோ இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேரி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நானும் கூப்பிட்டேன், கோயிலுக்குப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தாலும்.

பெனில்தே வாசலில் நின்று ரப்பர் குழாயால் கதவை நனைத்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வீட்டுக்குப் பின்னால் முப்பது மீட்டரில் புதர் எரிந்துகொண்டிருந்தது. லினோ இறங்கி வேலியோரம் போய் நின்றார். அதற்கு மேல் கால் வரவில்லை.

“யாருக்கு மணி?” என்றாள் பெனில்தே. திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் வார்த்தை.

“யாருக்கும் இல்ல அண்ணி. இன்னும் யாருக்கும் இல்ல.”

“பின்ன எதுக்குடா அடிச்ச?”

“தீ மணி அடிச்சா ஓடுவாங்க. அதான்.”

குழாய் அவள் கையில் அப்படியே நின்றது. எனக்கு அந்தக் கணம் நெருப்பை விட அந்த அம்மாளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

“அன்னிக்கே இந்த மணிய அடிச்சிருக்கலாம்லடா” என்றாள்.

“ஆமா அண்ணி.”

சாக்குச் சொல்லவில்லை. ‘எனக்கு அப்போது தெரியாது, காற்று திரும்பியது, யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்’ என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. ஆமா என்று மட்டும் சொன்னார். பெனில்தே குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. போச்சு, வரமாட்டாள் என்று நினைத்தேன். லினோ வேலியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். கூரை ஓட்டில் தீப்பொறி விழுந்து உருண்டது. இருந்தால் இரண்டு நிமிடம் இருந்திருப்போம், எனக்கு இரண்டு வருடமாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. காஸை மூடி, கோழிகளைத் திறந்துவிட்டு, வீட்டுச் செருப்போடு வந்தாள். அக்குளில் காகிதத்தில் சுற்றிய உப்புக்கண்டம்.

“என்ன பாக்குற? அறுவது பேருக்குப் பசிச்சா யாரு குடுப்பா? வண்டிய எடு.”

வந்த வழியே இறங்கினோம். மேல் வளைவில் தீ சாலையின் இரண்டு பக்கமும் வந்துவிட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின் இருக்கையிலிருந்து அந்த அம்மாளின் கை என் தோளை அழுத்திப் பிடித்திருந்தது. அந்த விரல் தடம் ஒரு வாரம் இருந்தது.

ஒன்பது வீடு போயிற்று. பெனில்தேயின் வீடும் போயிற்று. அறுபத்து மூன்று பேரும் இருந்தார்கள்.

லினோவின் பயம் அதோடு தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மேலிடத்து உத்தரவு வருவதற்கு முன்பே ஊரைக் காலி செய்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதி அனுப்பிவிட்டு, எட்டு மாதம் தபால்காரியைக் கண்டாலே பின்வாசல் வழியாக ஓடினார். கடைசியில் நடவடிக்கை எதுவும் இல்லை என்று ஒன்றரை வரியில் பதில் வந்தது.

ஊர்தான் மன்னிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தொண்ணூற்றொரு வயசில் ஒருவரும் எண்பத்தெட்டு வயசில் ஒருவரும் இறந்தார்கள். உடனே மதுக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு மணியடித்தான், அது ஆளைக் கேட்காமல் விடுமா என்று. எலோய் அதைத் தான் நிற்கப்போகிற தேர்தலுக்கு ஆகும்படி வளர்த்தார். அவரும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தார், முதல் வரிசையில். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. வாக்குச்சாவடியில் உட்காருகிற அதிகாரி என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மே மாதம் தேர்தல். மன்றத்துக்குச் சொந்தமான பழைய ஆசிரியர் குடியிருப்பில் இப்போது தங்கியிருந்த பெனில்தே, காலை பத்து மணிக்கு வந்து சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். நானும் பார்த்தேன், லினோவும் பார்த்தார்.

சாயங்காலம் எண்ணினார்கள். தபால்காரிதான் குலுக்கலில் வாக்குச்சாவடித் தலைவியாக வந்திருந்தாள். ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்கப் படித்தாள். பாதியிலேயே தெரிந்துவிட்டது. நான்காவது குறி இந்தத் தடவை வேறு வேறு ஆட்களுக்குப் போயிருந்தது. லினோ ஆறாவது வந்தார், இரண்டு குறி வித்தியாசத்தில் இடம் போயிற்று. எலோயின் தோளைத் தட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

லினோ மட்டும் சுவரோரம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். தோற்றது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது. பொடி நடையாக மேசைக்கு வந்தார்.

“எல்விரா, எல்லாத்தையும் படிச்சாச்சா?”

“ஆச்சு லினோ.”

“செல்லாதது எத்தனை?”

“ஒண்ணும் இல்ல.”

“உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். நல்லாப் பாரு.”

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். ஒன்றும் விழவில்லை. அவர் பிள்ளைகள் உட்காருகிற அந்தச் சின்ன பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

தொப்பிக்குள்ளிருந்தே, “இன்னொரு தடவ காட்டு” என்றார்.

நான் பெட்டியை மறுபடியும் கவிழ்த்துக் காட்டினேன்.